சட்டைப் பையில் மாம்பழப் புகை

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்,
புது தில்லி.
7-9-2025, ஞாயிறு

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அதிலும் நான் இன்றோடு சரியாக நூறு நாள் சௌக்கியம், அது என்ன நூறு நாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலை மந்திர் முருகனுக்குத் தினமும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவரும் எங்கள் ஆபீஸ் மாதிரிதான், பதில் வர நாளாகும், ஆனால் ஃபைல் நகர்ந்துகொண்டே இருக்கும். முப்பது வருஷமாகத் தபால் பிரிவில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் நம்பர் போட்டு அனுப்பியவன் நான், சொந்தமாக ஒரு கடிதம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தால் ‘பொருள்’ என்று போட்டு அடியில் கோடு கிழிக்கத்தான் கை போகிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம், ஆனால் பத்து மாதமாக நான் அனுப்புவதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடுதான் வருகிறது, பதில் வருவதில்லை, அது என் தப்பு, உன் தப்பு இல்லை. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும், ஒன்றும் அவசரமில்லை, ரயிலில் போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று படி. புரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் காட்டிவிடாதே, தில்லி என்றால் பயமில்லை, உங்கள் ஊரில் ரயில் நிலையத்துப் பலகையிலேயே தமிழ் இருக்கிறதாமே.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சொல்ல வெட்கம் இருக்காது. மே மாதம் முப்பத்தொன்று புகையிலை ஒழிப்பு நாள், இந்த வருஷம் அது சனிக்கிழமையில் வந்ததால் எங்கள் ஆபீசில் முதல் நாள் வெள்ளிக்கிழமையே உறுதிமொழி எடுத்தோம். எங்கள் ஆபீசில் உறுதிமொழி இல்லாத மாதமே கிடையாது, லஞ்சம் வாங்க மாட்டோம், குப்பை போட மாட்டோம், எல்லாவற்றுக்கும் வராந்தாவில் வரிசையாக நின்று வலது கையை நீட்ட வேண்டும், ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அந்த முன்னால் நிற்கிற ஆள் உன் அப்பாதான். என் ஹிந்தி அழகுக்காக இல்லை, என் குரல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும், மைக் வேண்டாம். அன்றைக்கு நாற்பத்துமூன்று டிகிரி வெயில், கூலருக்கு நேர் எதிரே நின்று கையை நீட்டிக்கொண்டு, என் குடும்பத்தையும் நண்பர்களையும் புகையிலையிலிருந்து காப்பேன் என்கிற வரிக்கு வந்திருக்கிறேன், எதிரே நிற்கிற முகமெல்லாம் ஒரு மாதிரியாக மாறுகிறது. குனிந்து பார்த்தால் என் சட்டைப் பையிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை, மாம்பழ வாசனையோடு. என் பையில் செல்போனுக்குப் பின்னால் ஒரு மின்சிகரெட் இருந்தது. ஆமாம், நீ சரியாகத்தான் எழுத்துக் கூட்டினாய், மின்சிகரெட், நீங்கள் வேப் என்கிறீர்களே அதுதான். போன் அதன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததோ, கூலர் காற்று அதன் வாய்க்குள் போனதோ, யாரும் இழுக்காமலே அது தானாகப் புகைத்துக்கொண்டிருந்தது. கேஷ் செக்‌ஷன் ரத்தினவேல் இருக்கிறானே, அவன் “ஐயோ, சாரோட போன் பேட்டரி வெடிக்கப் போவுது” என்று கத்திக்கொண்டே ஓடி, கூலருக்கு ஊற்ற வைத்திருந்த ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே என் மேல் கவிழ்த்தான். நான் நீட்டிய கையை மடக்கவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம்.

தண்ணீரோடு அந்த வஸ்துவும் பையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மேடம் காலடியில் போய் நின்றது. மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் மின்சிகரெட் விற்கக் கூடாது என்று தடை வந்தபோது வந்த சுற்றறிக்கைக்கு ‘பெறப்பட்டது’ முத்திரை குத்தி, டைரி நம்பர் போட்டு, கூடவே வந்த அந்தப் போஸ்டரைச் சுவரில் ஒட்டியது இந்தக் கைதான், அப்போது அந்தச் சாமானை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. மேடம் கத்தவில்லை, மெதுவாக “பூவராகவன் ஜி, ஆப் பீ?” என்று மட்டும் கேட்டார், நீங்களுமா என்று. பிறகு, “இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு, படிச்சு முடிங்க” என்றார். சொட்டச் சொட்ட நின்று அந்த இரண்டு வரியையும் படித்தேன், குரல் முதல் மாடிக்குக்கூடப் போயிருக்காது. அப்புறம் மேடம் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்து அதை உள்ளே போட்டு ஒட்டச் சொன்னார், மெமோ எழுத மாட்டேன், ஆனால் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள் என்றார். என் பாவத்துக்கு நானே டைரி நம்பர் போட்டேன், ‘யாரிடமிருந்து’ என்ற கட்டத்தில் என் பெயர், ‘விவரம்’ என்ற கட்டத்தில் ‘ஒரு வஸ்து, நனைந்தது’. கவர் இன்னும் மேடத்தின் அலமாரியில் பூட்டி இருக்கிறது. அன்று முதல் ஆபீசில் எனக்கு மேங்கோ பாபு என்று பெயர், கேன்டீன்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அது எப்படி என் பைக்குள் வந்தது என்று இப்போது நீ யோசித்துக்கொண்டிருப்பாய், யோசிக்க வேண்டாம், முதன்முதலில் வந்தது உன்னுடையதுதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது என் போனுக்கு சார்ஜர் தேடி உன் கைப்பையைத் திறந்தேன், லிப்ஸ்டிக் மாதிரி ஒன்று, அடியில் சார்ஜ் ஓட்டை, என்னடா இது பொட்டு வைக்கிறதுக்கும் கரண்ட் வேண்டுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ உள்ளே வந்தாய், உன் முகத்தைப் பார்த்துத்தான் அது என்ன என்று எனக்குப் புரிந்தது. விற்கக் கூடாத ஒரு ஊரிலிருந்து விற்கக் கூடாத இன்னொரு ஊருக்குக் கொண்டு வந்திருக்கிறாய், இந்தச் சாமர்த்தியத்தை ஏதாவது பரீட்சையில் காட்டியிருந்தால் கலெக்டராகியிருப்பாய். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னென்ன பேசினேன் என்று உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. பொம்பளைப் பிள்ளை பண்ணுகிற காரியமா இது என்றேன். ஊரில் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன். உன் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாக, உங்கப்பன் ஒரே நாள்ல விட்டவன்டி, யமுனைப் பாலத்துல சிகரெட் பாக்கெட்டைத் தூக்கி எறிஞ்சவன்டி என்று மார்தட்டினேன். நீ மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாய். ஏன் இப்படித் திடீரென்று போகிறாள் என்று அம்மா கேட்டதற்கு, ஜாதகப் பேச்சை எடுத்தேன், கோபித்துக்கொண்டாள் என்று சொல்லிவைத்தேன். பத்து மாதமாக அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் “பெத்த பொண்ண ஜாதகத்தால அடிச்சு தொரத்துன ஆளு” என்கிறாள், நான் வாயே திறப்பதில்லை. அது உன்னிடமிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது, ஆபீசிலும் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நீ போன மூன்றாம் நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள், நான் உன்னிடமிருந்து பிடுங்கி பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். உன் ஞாபகமாக எடுத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். மோந்து பார்த்தேன், மாம்பழம். அப்படி என்னதான் இருக்கிறது இதில், தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று ஒரே ஒரு இழுப்பு, ஆராய்ச்சிக்காக. பதினாறு வருஷமாக சிகரெட் வாசனையே இல்லாத நெஞ்சு, பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி கதவைத் திறந்துவிட்டது. ஆராய்ச்சி மறுநாளும் தொடர்ந்தது. பத்தே நாளில் அது தீர்ந்துபோனது, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் மொபைல் கவர் விற்கிற ஒருவனிடம் இருக்கிறது, ‘ஸ்பெஷல் சார்ஜர்’ என்று கேட்க வேண்டும் என்று ஆபீஸ் லிஃப்டில் யாரோ பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அம்மா சொன்ன முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கொண்டு, மஞ்சள் பையும் நெற்றியில் குங்குமமுமாக அவன் முன்னால் போய் நின்று ஸ்பெஷல் சார்ஜர் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, அங்கிள், நீங்கள் போலீஸ்தானே என்றான். முருங்கைக்காயோடு எந்தப் போலீஸ்காரன் வருவான் என்று கேட்டேன், அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது என்றான். கடைசியில் அவன் எதிரிலேயே ஒரு இழுப்பு இழுத்து இருமிக் காட்டிய பிறகுதான் நம்பி ஒன்றைக் கொடுத்தான். ஐம்பத்தெட்டு வயதில், பொல்லாதவன் என்று நிரூபிக்க ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்.

வீட்டில் நடந்தது இதைவிடக் கேவலம். என் மேல் எப்போதும் ஒரு மாம்பழ வாசனை, நவம்பர் மாதத்தில். அம்மா என்ன நினைத்தாள் தெரியுமா, நான் திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறேன் என்று. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சக்கரை உண்டு, எனக்கும் வந்துவிடும் என்று அவளுக்கு இருபது வருஷமாகப் பயம். இரத்தம் பரிசோதித்தால் ஒன்றும் இல்லை, ஆனால் மூக்கு சொல்வதைத்தான் அவள் நம்புவாள், ரிப்போர்ட்டை நம்ப மாட்டாள். காப்பியில் சக்கரை நின்றது. சாதம் பாதியானது. தினமும் காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு, அவள் எதிரில் நின்று குடிக்க வேண்டும். நான் மிட்டாய் தின்னவில்லை என்று சொன்னால் அப்புறம் அது என்ன வாசனை என்று சொல்ல வேண்டும், அதனால் ஏழு மாதம், ஒரு நாள் விடாமல், செய்யாத குற்றத்துக்குத் தண்டனையைக் குடித்து முடித்துவிட்டு, செய்த குற்றத்தைச் செய்ய பால்கனிக்குப் போவேன். படியேறினால் மூச்சு வாங்கும், ராமாயணத்தில் வருகிற மாதிரி நெஞ்சுக்குள் யாரோ அம்பு விடுவார்கள். மறைத்து வைத்து, மறைத்து வைத்து, மூன்று இழுப்புக்கு ஒரு தடவை வாய் கொப்பளித்து, ஒரு நாளில் பாதி நேரம் இதற்கே போனது. இனிமேல் வேண்டாம் என்று பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போட்டிருக்கிறேன், போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே கை பையைத் தடவும்.

அதனால்தான் அந்த பக்கெட் தண்ணீரை நான் ரத்தினவேல் ஊற்றியதாக நினைக்கவில்லை, யாரோ பார்த்து ஊற்றியதாகத்தான் நினைக்கிறேன். அன்று சாயங்காலம் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், நான் தின்றது மிட்டாய் இல்லை, புகை என்று. எங்கேயோ வாங்கிப் பழகிவிட்டேன் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அழுவாள் என்று பயந்தேன். “ஏங்க, நெசமாவே நீங்க சக்கரை தின்னலியா?” என்றாள். இல்லை என்றேன். “அப்போ நான் ஏழு மாசமா காலங்காத்தால எழுந்து பாவக்கா அரைச்சது?” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுத இந்தத் தாள் போதாது, உனக்கும் தமிழ் அவ்வளவு தெரியாது. திங்கட்கிழமை ஆபீசில் பார்த்தால், எந்தப் போஸ்டரை நான் ஒட்டினேனோ அதிலேயே அடியில் ஒரு இலவச நம்பர் போட்டிருந்தது, இந்தப் பழக்கத்தை விட விரும்புகிறவர்கள் கூப்பிடலாம் என்று, ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், யாரோ பாவப்பட்டவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டேன். ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், உன் குரல் மாதிரியே கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துப் பேசும். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்போது அதிகம் தேடும் என்றெல்லாம் கேட்டது. வீட்டில் வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டது, இல்லை என்றேன், உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தோற்றுப்போனால் மறுபடி கூப்பிடுங்கள் அங்கிள், எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றது. தோற்கவில்லை, ஆனால் தேடும்போதெல்லாம் நானும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை கண்ணு. போனை வைத்துவிட்டுத் தீபாவளியன்றைக்கு நான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

முதல் பத்து நாள் நான் மனுஷனாகவே இல்லை. ஸ்டேப்ளரைக் காணோம் என்று ரத்தினவேலுடன் கைகலப்பு வரைக்கும் போனேன், ஸ்டேப்ளர் என் கையில்தான் இருந்தது. கை சும்மா இருக்காது என்று அந்தப் பெண் சொன்னபடி பையில் கேரட் துண்டு, கிராம்பு, பென்சில் எல்லாம் வைத்துக்கொண்டேன், ஒரு மாதத்தில் நான் தின்ற கேரட்டுக்கு முயலாகப் பிறந்திருக்கலாம். இருபதாம் நாள் தூக்கம் வந்தது. நாற்பதாம் நாள் ரசத்தில் பெருங்காயம் தெரிந்தது, இதை அம்மாவிடம் சொன்னபோது அவள், அப்போ ஏழு மாசமா தெரியாமலா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்டீங்க என்று அதற்கும் சண்டை பிடித்தாள். எழுபதாம் நாள் ஆபீசில் லிஃப்ட் கெட்டுப்போய், இரண்டு கனத்த ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஒரே மூச்சில் ஏறிவிட்டேன், மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தால் ரத்தினவேல் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவன் நான். அந்தப் படியில் நின்றுகொண்டு வேண்டுமென்றே உரக்க, “என்ன தம்பி, தண்ணி வேணுமா, ஒரு பக்கெட்?” என்று கேட்டேன்.

ஆனால் நிஜமான வெற்றி போன ஞாயிற்றுக்கிழமைதான். நானும் அம்மாவும் ஐ.என்.ஏ.வில் சாமான் வாங்கிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்து வருகிறோம், அந்தச் சந்து முனையில் அந்த மொபைல் கவர்காரன் நிற்கிறான், என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிய, “அங்கிள், எங்கே காணோம், புது மால் வந்திருக்கு, அதே மாம்பழம்” என்று ஹிந்தியில் கூப்பிடுகிறான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வாயில் ருசியே வந்துவிட்டது. நஹீ சாஹியே, வேண்டாம் என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பழைய மூன்றாவது மாடிக் குரல், சந்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விடாமல், ஒன்று மட்டும் எடுத்துப் பாருங்கள் அங்கிள் என்றான். அப்போதுதான் அம்மாவுக்கு இவன் யார் என்று விளங்கியது. பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவினாள். இருபத்தெட்டு வருஷமாகத் தில்லியில் இருந்தும் அவள் ஹிந்தி எப்படி என்று உனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டே, “ஏ பையா, இதர் ஆவ், மேரா ஆத்மி சாத் மஹீனா கரேலா பியா, தும் பியேகா?” என்று முருங்கைக்காயை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள், என் வீட்டுக்காரர் ஏழு மாசம் பாகற்காய் குடிச்சார், நீ குடிக்கிறாயா என்று. அவன் நான் கவர்தான் விற்கிறேன் ஆன்ட்டி, வெறும் கவர்தான் என்று பின்னால் போனான், அம்மா முன்னால் போனாள், பூக்காரி, ஆட்டோக்காரர் எல்லாம் கூடிவிட்டார்கள், பாகற்காய்க்கும் மொபைல் கவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் அம்மா பக்கம்தான். அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். அம்மா முருங்கைக்காயை மறுபடி பையில் வைத்து, நடங்க, தயிர் புளிச்சிடும் என்றாள். நான் கையில் கறிவேப்பிலைக் கட்டோடு, கோட்டையைப் பிடித்த தளபதி மாதிரி அவள் பின்னால் நடந்தேன். அந்த முருங்கைக்காயை அன்றைக்கு சாம்பாரில் போட்டாள், அந்த மாதிரி ருசி நான் சாப்பிட்டதே இல்லை.

இன்று காலை எழுந்ததும் பாகற்காய்ச் சாறு வரும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சக்கரை இல்லை என்று தெரிந்த பிறகும், இது சக்கரைக்கு இல்லை, கொழுப்புக்கு என்று சொல்லி நூறு நாளும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். டபராவில் காப்பி வந்தது. சக்கரை போட்ட காப்பி, நுரையோடு. நாளை எண்ணிக்கொண்டு வந்தது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள், நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். இன்றைக்கு ராத்திரி சந்திர கிரகணம், ஊறுகாய் ஜாடியிலிருந்து தண்ணீர்க் குடம் வரை எல்லாவற்றிலும் தர்ப்பை போட்டுவிட்டு, நடை சாத்துவதற்கு முன் தரிசனம் பண்ண வேண்டும் என்று கோயிலுக்குப் போயிருக்கிறாள், அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். யமுனையில் இந்த வாரம் பெரிய வெள்ளம், டிவியில் பார்த்திருப்பாய், நம் பக்கம் ஒன்றும் இல்லை, பயப்படாதே. டிவியில் பாலத்தைக் காட்டும்போதெல்லாம் அம்மா, இங்கதான உங்கப்பா பாக்கெட்ட எறிஞ்சாரு என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். உனக்கு ஆறு வயது, மயூர் விஹாரில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், அப்பா உங்க சட்டை நாறுது என்று நீ பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய், நான் ஜன்னல் வழியாக எறிந்தேன். ஏழாம் வகுப்பில் அதை ஹிந்தியில் கட்டுரையாக எழுதி டிபன் டப்பா பரிசு வாங்கினாயே, அது இன்னும் அடுக்களையில் இருக்கிறது, அம்மா அதில் கடுகு வைத்திருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து உங்கள் ஊரில் இந்த வேப் விஷயத்தில் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்களாம், பேப்பரில் படித்தேன், அங்கே கையில் வைத்திருந்தாலே குற்றம், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்ப மாட்டினால் வேலை அனுமதியே போய் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே எனக்கு ஒரு பக்கெட் தண்ணீரோடு போயிற்று, அங்கே உனக்கு அப்படிப் போகாது. எத்தனை இன்டர்வியூ ஏறி இறங்கி வாங்கிய வேலை. நீ விட்டுவிட்டாயா, இன்னும் வைத்திருக்கிறாயா என்று நான் கேட்க மாட்டேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அங்கே அதைக் கொண்டுவந்து போட்டால் கேள்வி கேட்காத தொட்டி வைத்திருக்கிறார்களாம், அதையும் அதே பேப்பரில்தான் படித்தேன். இங்கே அப்படித் தொட்டி இல்லாததால் நான் மேடத்தின் அலமாரியில் போட்டேன், உனக்கு டைரி நம்பர்கூட வேண்டாம், நேரே போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ தொடாமல் இருக்கிற நாளில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்பு. வார்த்தை வேண்டாம், குட் மார்னிங் வேண்டாம், ஒரு புள்ளி. முடியாமல் போன நாளில் ஒன்றும் அனுப்பாதே, நான் ஏன் என்று கேட்க மாட்டேன், மறுநாள் புள்ளிக்குக் காத்திருப்பேன். நானும் உனக்கு ஒன்று அனுப்புவேன். நூறு பார்த்தவன் என்று நான் ஒன்றும் கரை ஏறிவிடவில்லை, நாளைக்கு நூற்றியொன்று என்றால் எனக்கும் அது முதல் நாள்தான், துணைக்கு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. போன வாரம் போனில் அம்மாவிடம், அப்பா எப்படி இருக்கார் என்று நீ கேட்டாயாம், பத்து மாதத்தில் முதல் தடவை, அதை அம்மா மூன்று தடவை சொன்னாள், நான் கேட்காத மாதிரி நாலாவது தடவையும் சொல்ல வைத்தேன். இந்தத் தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, ஜாதகத்தைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள், அதைப் பேசியதே இல்லை என்பது நமக்குள் இருக்கட்டும். மழையில் நனையாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, இதைப் படித்து முடித்ததும் அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே. நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பூவராகவன்
(ஆபீசில் மேங்கோ பாபு)

பி.கு. போன தீபாவளிக்கு நீ கிளம்பிப் போன அன்றைக்கு டாக்சியில் ஏறிக் கதவை மூடும்போது நீ என்னைப் பார்த்து, “அப்பா, சூட்தா நஹீ ஹை” என்றாய், விட முடியவில்லை என்று. அடி மனதிலிருந்து வருவதெல்லாம் உனக்கு ஹிந்தியில்தான் வரும். நான் காதில் விழாத மாதிரி டிரைவரிடம், சலோ பையா, ஜல்தி, சீக்கிரம் போப்பா என்றேன். எனக்குக் கேட்டது கண்ணு. பாலத்தில் பாக்கெட்டை எறிந்தேனே, அடுத்த ஸ்டாப்பில் இறங்கியதும் அம்மா தூங்கிப்போன உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று பின்தங்கி, பெட்டிக்கடையில் வேறு பாக்கெட் வாங்கினேன். நிஜமாக விட இன்னும் நாலு வருஷம் ஆனது, எத்தனை தடவை தோற்றேன் என்று எனக்கே தெரியாது. எனக்கும் ஒரே நாள்ல விட முடியலை கண்ணு, இறங்கி உள்ளே வா, என்பதுதான் அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று நான் வாய்விட்டுச் சொல்லாதது.